பின்னிரவுப் பணியும் மனத்தில் எழும் விந்தை எண்ணங்களும்

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில் இரவு நேரத்தில் பயணம் செய்வோர், உப்பனாற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒளிவரிசையைக் கண்டிருப்பர். 1971இல் தமிழ்நாடு அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனம் 1980களில் இங்கு அமைத்த தொழிற்பேட்டை அது. மருந்துப் பொருள்கள், சாயப்பொருள்கள், பிற வேதிப்பொருள்கள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் பல அங்கு இயங்குகின்றன. கலனுக்குள் தொடங்கிவிட்ட வேதிவினையைப் பொழுது சாய்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தி வைக்க இயலாது. ஆதலின், ஊர் உறங்கும் நேரத்திலும் அங்குச் சிலர் விழித்திருந்தே ஆகவேண்டும். குடிக்காடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற அண்டை ஊர்களிலிருந்தும், சிதம்பரம் பக்கத்திலிருந்தும் இரவு ஷிஃப்டுக்குச் செல்வோர் பலர். நம் மருத்துவமனைக்கு வருவோரிலும் அவர்கள் உளர்.

அவர்கள் பெரும்பாலும் நெஞ்செரிச்சல், இரத்த அழுத்தம், சர்க்கரை என்றுதான் வருகின்றனர். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவருகே சென்ற பின்னரே சிலர் தயங்கித் திரும்புகின்றனர். "ராத்திரியில என்னென்னமோ தோணுதுங்க டாக்டர்" என்று மெல்லத் தொடங்குகின்றனர்.

தோன்றுபவைதாம் எத்தனை வகை! நாள்தோறும் கையாளும் வால்வைப் பார்த்து, 'இதை இப்போது வேண்டுமென்றே திறந்துவிட்டால் என்ன ஆகும்?' என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. பம்பின் இரைச்சலுக்குள் தம் பெயரை யாரோ அழைப்பதுபோல் மற்றொருவருக்குக் கேட்கிறது. உயரமான நடைமேடையில் நிற்கும்போது, குதித்துவிடுவோமோ என்று காரணமில்லாமல் அச்சம் கொள்பவர் உண்டு. ஏழாம் வகுப்பில் ஆசிரியர் திட்டிய சொல் முப்பது ஆண்டு கழித்து அப்படியே நினைவுக்கு வந்து வருத்துகிறது. எண்ண வேண்டிய தேவையே இல்லாதபோது சிலர் குழாயின் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். கட்டுப்பாட்டறையின் விளக்குப் புள்ளிகள் கோலமாகத் தெரிவதாகச் சொல்வோர் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். வால்வைப் பற்றிச் சொல்வோர் சிரிப்பதில்லை. 'எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறதோ' என்பதே அவர்கள் கேட்க விரும்பும் கேள்வி. அக்கேள்வியை ஆண்டுக்கணக்கில் வீட்டாரிடமும் சொல்லாமல் சுமப்போர் இருக்கின்றனர். அந்தச் சுமைக்காகவே இக்கட்டுரை.

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் யாமம் என்பது இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை. வைகறை என்பது இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. பழம்பாடல்களில் யாமம் உறங்காதவர்க்குரிய பொழுது. குறுந்தொகையின் ஆறாம் பாடலில் பதுமனார் காட்டும் தலைவி, உலகமெல்லாம் உறங்கத் தான் ஒருத்தி மட்டும் உறங்கவில்லையே என்று வருந்துகிறாள். இரவில் தனித்து விழித்திருப்போர்க்குத் துயரம் பெரிதாகத் தெரியும் என்பது நம் இலக்கியத்திற்குப் பழக்கமான செய்திதான். மருத்துவம் அதன் காரணத்தைப் பிற்காலத்தில் கண்டறிந்தது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் சந்திக்குமிடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்களைக் கொண்ட சிறு தொகுதி ஒன்று உள்ளது. அதுவே உடலின் கடிகாரம். கண்ணில் படும் ஒளியைக் கொண்டு அது பகலையும் இரவையும் அறிகிறது. உடல் வெப்பம், பசி, இரத்த அழுத்தம், உறக்கம் ஆகியவற்றை அதற்கேற்ப நடத்துகிறது. இத்தகைய கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு இரவுப் பணியை ஏற்றுக்கொள்ளலாம், அக்கடிகாரம் ஏற்றுக்கொள்வதில்லை. பல ஆண்டுகள் இரவுப் பணி செய்தவர்களிலும் பெரும்பாலோர்க்கு அது முழுமையாக மாறுவதில்லை. விடுமுறை நாளில் அவர்கள் குடும்பத்தாரோடு பகலில் விழித்திருந்து இரவில் உறங்குவதும் அதற்கு ஒரு காரணம்.

வைகறையில், ஏறத்தாழ நான்கு ஐந்து மணிக்கு, உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. விழிப்பும் கவனமும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, வரும் எண்ணங்களை எடை போட்டு 'இது பொருட்டன்று' என்று தள்ளும் பணியைச் செய்வது. உறக்கம் இழந்தபோது முதலில் தளர்வது அப்பகுதியே. அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் உட்பகுதியோ தளராமல் விழித்திருக்கிறது. வாயிற்காவலர் கண்ணயர்ந்த வீட்டிற்குள் யார் வேண்டுமானாலும் நுழைவதுபோல, பகலில் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும் எண்ணம் வைகறையில் கூடத்திற்கு வந்து அமர்ந்துகொள்கிறது. நள்ளிரவுக்குப் பின் விழித்திருக்கும் மனம் பகல் மனத்தைப் போல இயங்குவதில்லை என்னும் கருதுகோளை 2022இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் விரிவாக முன்வைத்தனர். அந்நேரத்தில் துயர எண்ணம் மிகும், பின்விளைவை எண்ணும் ஆற்றல் குறையும் என்பது அவர்கள் கருத்து. இரவு வார்டில் பணிபுரிவோர்க்கு இதை ஆய்வாளர் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

இனி, வால்வை எண்ணி அஞ்சியவரிடம் வருவோம். விரும்பாமலே மனத்தில் புகும் இத்தகைய கொடிய எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை என்றே மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் கருதியிருந்தது. ஸ்டான்லி ரேக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. எந்நோயும் இல்லாத மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர்க்கு அத்தகைய எண்ணங்கள் வருவதாக அவர்கள் கண்டனர். நோயாளியின் எண்ணத்தையும் நலமுள்ளவரின் எண்ணத்தையும் எழுதிக் கலந்து வைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது வல்லுநர்க்கும் எளிதாக இல்லை. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கனடா, ஈரான், சியரா லியோன் உள்ளிட்ட 13 நாடுகளில் 777 மாணவர்களை வினவியது. முந்தைய மூன்று மாதங்களில் அத்தகைய எண்ணம் ஒன்றேனும் வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 94 பேர்.

உயரத்தில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ என்று தோன்றுவதும் அவ்வாறே. வாழ்வை வெறுக்காத மாந்தர்க்கும் அது பரவலாகத் தோன்றுவதை 2012இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 'இடம் ஆபத்தானது, பின்வாங்கு' என்று உடல் தரும் எச்சரிக்கையை மனம் தாமதமாகவும் தவறாகவும் பொருள்கொள்வதே இதற்குக் காரணமாகலாம் என்று அவ்வாய்வாளர் விளக்கினர். வால்வைப் பற்றிய எண்ணத்திற்கும் இவ்விளக்கம் பொருந்தும் என நாம் கருதுகிறோம். வேலையைப் பொறுப்போடு செய்பவர்க்கே அவ்வெண்ணம் அச்சம் தருகிறது. பிறர்க்குத் தீங்கு செய்ய விழைபவர் அதைக் கண்டு நடுங்கி மருத்துவரிடம் வந்து நிற்பதில்லை.

ஆயினும், 'இதை நினைக்கவே கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு போராடுவதால் பயனில்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதுவரை குரங்கை எண்ணியே பாராத நோயாளிக்கு, அதன்பின் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்குதான். 1987இல் டேனியல் வெக்னர் என்னும் உளவியலாளர் குரங்குக்குப் பதில் வெண்கரடியை வைத்து இதைச் சோதித்தார். கரடியை நினைக்க வேண்டா என்று பணிக்கப்பட்டவர்களால் அதை அடக்க இயலவில்லை. தடை நீங்கியபின் அவர்களே கரடியை மிகுதியாக நினைத்தனர். வந்த எண்ணத்தை 'வைகறை எண்ணம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்து, கைவேலையைத் தொடர்வது போதும். எழுந்து நிற்பது, முகம் கழுவுவது, அளவுமானியின் எண்ணை வாய்விட்டுப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது, அருகில் உள்ள தோழரிடம் இரண்டு சொல் பேசுவது ஆகியவை உதவும். 'வேலையை விட்டுவிடலாம்', 'அண்ணனோடு இனிப் பேச்சே இல்லை' போன்ற தீர்மானங்களை அந்நேரத்தில் செய்ய வேண்டா. கைப்பேசியில் எழுதிய நீண்ட செய்தியையும் உறங்கி எழுந்தபின் அனுப்பலாம். அப்போது அதை அனுப்பத் தோன்றாமலே போகலாம்.

பெயர் சொல்லி அழைக்கும் குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். உறக்கம் மிகும்போது, கண் திறந்திருக்கையிலேயே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவது உண்டு. அதை உறங்கியவரே அறியார். அந்நொடிகளில் கனவின் துண்டு ஒன்று விழிப்புக்குள் சிந்துகிறது. குரலாகவோ நிழலாகவோ தோன்றுகிறது. பகலில் வீட்டில் உறங்கும்போது நெஞ்சின்மேல் ஏதோ ஏறி அமர்ந்ததுபோல், கண் விழித்தும் கைகால் அசைக்க முடியாமல் சிலர் தவிக்கின்றனர். நம் ஊர்களில் இதனை அமுக்குவான் பேய் என்பர். கனவு காணும் உறக்கத்தில் உடல் அசையாதிருக்க மூளை இடும் கட்டு, விழித்தபின்னும் சில நொடி அவிழாமல் இருப்பதே இதற்குக் காரணம். ஒழுங்கற்ற உறக்கம் உடையோர்க்கு இது மிகுதி. உலக மக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை உணர்ந்துள்ளனர். தாயத்துக்குச் செலவிடும் பணத்தில் சன்னலுக்குக் கனத்த திரை ஒன்று வாங்கினால் நற்பயன் கிட்டும்.

இங்கு வேறொன்றை அழுத்திச் சொல்வது நம் கடமை. எண்ணத்தைப் புறந்தள்ளலாம், நாற்றத்தையும் கண் எரிச்சலையும் தலைச்சுற்றலையும் புறந்தள்ளலாகாது. வேதிப்பொருள் ஆலையில் பணிபுரிபவர்க்கு, 'ஏதோ வாடை அடிக்கிறதே, மனப்பிரமையோ' என்னும் ஐயம் பின்னிரவில் எழும். தூக்கக் கலக்கம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு வாளாவிருத்தல் பெரும் தவறு. கரைப்பான்கள் சிலவற்றின் ஆவியே மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்க வல்லது. அழுகிய முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு கூடும்போது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, பேரழிவுக்கு முன்னரே ஆலைத் தொழிலாளர் சிலர் கண் எரிச்சலை உணர்ந்ததாகவும், கசிவைத் தேநீர் இடைவேளைக்குப் பின் பார்க்கலாம் என்று விட்டதாகவும் அக்காலச் செய்தி அறிக்கைகள் கூறின. அவ்வழிவுக்குக் காரணங்கள் பல; அவற்றுள் பெரியவை தொழிலாளர் கையில் இருந்தவை அல்ல. அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுவுலை விபத்து 1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கும், செர்னோபில் விபத்து 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கும் தொடங்கின. எல்லாம் மனிதக் கண் தளரும் பொழுது. ஆகவே வாடை அடித்தால் உடனே மேற்பார்வையாளரிடம் கூறுக. உடன் பணிபுரிபவருக்கும் அவ்வாறே உள்ளதா என்று கேட்டறிக. தலைச்சுற்றலோடு மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், கையாண்ட பொருளின் பெயரைச் சீட்டில் எழுதி வருக. அப்பெயர் தெரிந்தால் மருத்துவம் விரைந்து தொடங்கும்.

காலை ஆறு மணிக்குப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புவதே நாம் மிகவும் அஞ்சும் நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் திறன் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டனர். நம் மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுபவர்க்கு அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடுதான். முதல் நாள் காலை எழுந்து, பகலில் உறங்காமல் இரவுப் பணி முடித்துச் சாலைக்கு வருபவர் 24 மணி நேரம் விழித்தவர். லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலை அவருக்கு ஏற்ற இடமன்று. பணிக்குச் செல்லுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்குவது நன்று. திரும்பும்போது கண் சொக்கினால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் கண்ணயர்வது தேநீரைவிட மேலானது. நிறுவனப் பேருந்து இருப்பின் அதில் வருவதே சிறந்தது. பின்னிரவில் குடிக்கும் காப்பியின் பாதி அளவு ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும்; ஆதலின் இரண்டு மணிக்கு மேல் காப்பி, தேநீர் அருந்தாதிருந்தால் காலை உறக்கம் கெடாது.

மருந்து உண்பவர்க்கு மற்றொரு செய்தி. நாங்கள் சீட்டில் எழுதும் 'காலை, இரவு' என்னும் குறிப்பு பகலில் விழித்திருப்போர்க்காக எழுதப்பட்டது. இரவில் உண்டு பகலில் உறங்குபவர்க்கு 'இரவு உணவுக்குப் பின்' என்பது எப்போது? நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் இதைத் தாமே ஊகித்து நேரத்தை மாற்றினால், பின்னிரவில் சர்க்கரை திடீரெனக் குறையலாம். வியர்வை, நடுக்கம், எரிச்சல், புத்தி தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவையும் 'இரவில் ஏதோ தோன்றுகிறது' என்றே கருதப்பட்டுவிடும். வலிப்பு நோய் உள்ளவர்க்கு உறக்கமின்மையே வலிப்பைத் தூண்டும். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் உள்ளவர்க்கு இரவு விழிப்பு நோயை மீண்டும் கிளப்பக்கூடும். இந்நோய்களுக்கு மருத்துவம் பெறுவோர், தாம் ஷிஃப்டில் பணிபுரிவதை மருத்துவரிடம் கேளாமலே சொல்லவேண்டும். இரவுப் பணியிலிருந்து விலக்குப் பெற மருத்துவச் சான்று தேவைப்பட்டால் அதனைக் கேட்பதில் தயக்கம் வேண்டா.

வீட்டில் உள்ளோர்க்கும் இதில் பங்கு உண்டு. இரவுப் பணி செய்பவரின் பகல் உறக்கத்தை, 'பட்டப்பகலில் தூங்குகிறார்' என்று எள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவருக்கு அது நள்ளிரவு. காலை பத்து மணிக்கு எரிவாயு உருளைக்காரர் வந்தால் எழுப்பலாமா என்று கேட்பவர், இரவு இரண்டு மணிக்குத் தம்மை எழுப்பினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தகரக் கூரை வீட்டில் நண்பகல் வெக்கை உறங்கவிடாது. அத்தகையோர் காலை வந்தவுடன் சிறிது உண்டு, வெயில் ஏறுமுன் உறங்கி, மாலையில் மீண்டும் ஒருமுறை உறங்கலாம். அவர் தம் விந்தை எண்ணத்தை என்றேனும் சொல்ல நேர்ந்தால் சிரிக்கவும் வேண்டா, பதறவும் வேண்டா. 'எத்தனை மணிக்கு அப்படித் தோன்றியது? அன்று எவ்வளவு நேரம் உறங்கினீர்கள்?' என்று கேளுங்கள்.

வார்டில் நோயாளியுடன் இரவைக் கழிக்கும் உறவினரும் ஒருவகையில் இரவு ஷிஃப்டில் இருப்பவரே. தந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கும் மகளுக்கு மூன்றாம் நாள் இரவில், 'இது சீக்கிரம் முடிந்துவிடாதா' என்று ஓர் எண்ணம் எழக்கூடும். பின்னர் அவர் தம்மை மன்னிக்கவே மாட்டார். அம்மா, அது அன்பில்லாமையால் வந்ததன்று. மூன்று நாள் உறங்காத மூளையில் வந்தது. செவிலியரிடம் சொல்லிவிட்டு, வேறொருவரை அமர்த்தி, ஓர் இரவு வீட்டில் உறங்கி வாருங்கள்.

சில நிலைகளில் காத்திருத்தல் ஆகாது. நன்றாக உறங்கி எழுந்த பின்னரும், பகலிலும் குரல்கள் தெளிவாகக் கேட்டால் மருத்துவரைக் காணவேண்டும். ஓர் எண்ணத்தின் அச்சத்தைத் தணிக்க வால்வையோ பூட்டையோ மீண்டும் மீண்டும் மணிக்கணக்கில் சரிபார்க்க நேர்ந்தாலும், இரண்டு வாரத்திற்கு மேல் மனம் எதிலும் ஈடுபடாமல் போனாலும் அவ்வாறே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அச்சமாக அன்றி விருப்பமாகவோ திட்டமாகவோ உருவெடுத்தால், விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டா. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையும் உண்டு. நம் அவசரச் சிகிச்சைப் பிரிவும் இரவு முழுவதும் திறந்திருக்கும்.

அவசரமில்லாத பிற ஐயங்களுக்கு வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது ஒரு சிறு குறிப்பு கொண்டு வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். இரண்டு வாரத்திற்கு, எந்த ஷிஃப்ட், எப்போது உறங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த எண்ணம் எத்தனை மணிக்கு வந்தது என்று நாள்தோறும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள் போதும்.